திருடிக்குப் பொருத்தமான பெயர்

கதையில் வருகிற ஆட்களுக்குப் பெயர் வைப்பது ஒரு வேலையா, அதற்குச் சம்பளம் வேறயா என்று வாயைப் பிளக்கிறவர்கள் ஒரு தடவை ஒலி நாடகம் கேட்டுப் பார்க்கட்டும். மேடை நாடகம் என்றால் மீசையைப் பார்த்தே வில்லனைக் கண்டுபிடித்துவிடலாம். காதுக்குள் மட்டும் ஓடுகிற நாடகத்தில் மீசைக்கு எங்கே போவது? பெயர்தான் முகம். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே கேட்கிறவனுக்கும், பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்கிறவளுக்கும் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் பிடிபட வேண்டும், இவள் நல்லவள், இவன் உருப்படாதவன் என்று. அப்படி ஒலி நாடகம் போடுகிற ஒரு கம்பெனியில் அந்த வேலையைப் பார்த்தவள்தான் பேரக்கா.

அங்கே எல்லோரையும் செய்கிற வேலையை வைத்தே கூப்பிடுவார்கள். கதையை யோசிக்கிறவர் 'கதை'. பேச்சை எழுதுகிறவன் 'வசனம்'. காசு போடுகிற அம்மாள் மட்டும் 'மேடம்'. அவரை 'காசு' என்று கூப்பிட யாருக்கும் தைரியம் இல்லை.

பேரக்காவின் வேலை முறையைப் பார்த்து, புதிதாக வருகிறவர்கள் முதலில் பயந்துபோவார்கள். ஒரு பெயர் தோன்றியதும் பின்பக்க மாடிப்படிக்குப் போய் நின்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். ஒரு தடவை கோபமாக, ஒரு தடவை கொஞ்சலாக, ஒரு தடவை செத்துப்போனவரைக் கூப்பிடுகிற மாதிரி. மூன்றில் எதிலாவது பெயர் நொண்டினால் தள்ளிவிடுவாள். தேறிய பெயர்களில் ஆளுக்கு மூன்றாகக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவாள். மூன்றில் எதை எடுத்தார்கள் என்று பார்ப்பதும் இல்லை, நாடகம் ஓடும்போது கேட்பதும் இல்லை. நாள் முழுக்கச் சமைத்தவளுக்குப் பசிக்காது இல்லையா, அந்தக் கதைதான்.

தொழிலில் இரண்டு விதிகள் உண்டு. ஒரே நாடகத்தில் இரண்டு பேருக்கு ஒரே பெயர் இருக்கக் கூடாது. மைக்கில் விழுந்த பெயரை மாற்றக் கூடாது. மூன்றாவதாக ஒன்று இருந்தது. அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் யாரும் மீறியதும் இல்லை.

அந்த ஊரை ரயில் பாதை இரண்டாகப் பிரித்திருந்தது. இந்தப் பக்கம் கேட் போட்ட மாடி வீடுகள். அந்தப் பக்கம் தகரக் கூரைகளும், ஒரு சுவருக்கு இரண்டு குடும்பங்களும். பெயரைச் சொன்னால் போதும், பாதைக்கு எந்தப் பக்கம் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். யாரும் சொல்லாத அந்த மூன்றாவது விதி இதுதான்: நாடகத்தின் நாயகி, டாக்டர், காதலன் எல்லோருக்கும் இந்தப் பக்கத்துப் பெயர். சமையல்காரி, குடிகாரன், திருடன் என்றால் அந்தப் பக்கத்துப் பெயர். பேரக்கா அந்தப் பக்கத்துக்காரி. குழாயடி வரிசையில் காதில் விழுகிற பெயர்களைப் பறித்த கையோடு கொண்டுவந்து கொடுப்பாள். "அக்கா கொண்டுவர்ற பேருல மண்ணு ஒட்டியிருக்கும்" என்று கதை மெச்சுவார். அவளும் அதைப் பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டாள். பாவம், அது யார் தெரு மண், யார் கையில் கொடுக்கிறோம் என்று அப்போது யோசிக்கவில்லை.

அவளுக்கு ஒரே மகள். பள்ளி இறுதி வகுப்பு. வீட்டில் 'வாலு' என்று கூப்பிடுவார்கள், காரணப் பெயர்தான். அந்த வாலு ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் பையைக் கட்டில் மேல் எறிந்துவிட்டு, "அம்மா, எனக்குப் பேரை மாத்தணும்" என்றாள்.

"என்னடி திடீர்னு?"

"பெரிய பரீட்சைக்கு ஸ்கூல்ல பேரு குடுக்கணும். வெள்ளிக்கிழமை கடைசி. இப்ப என்ன பேரு குடுக்கறோமோ அதுதான் சர்டிபிகேட்ல வரும். அப்புறம் தலைகீழா நின்னாலும் மாத்த முடியாது. நீ வந்து ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"இருக்கிற பேருக்கு என்ன கேடு வந்துச்சு?"

 மகள் இயர்போனில் ஒன்றை எடுத்து அம்மாவின் காதில் செருகிவிட்டு, போனில் நாடகத்தை ஓடவிட்டாள். மாடி வீட்டு எஜமானி ஒருத்தி வேலைக்காரியைப் பிடித்துக் கத்திக்கொண்டிருந்தாள். எங்கடி என் சங்கிலி, திருட்டு நாயே, வாயைத் திற. ஒவ்வொரு வசவுக்கும் முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை, வேலைக்காரியின் பெயர். அது வாலுவின் பெயர். வீட்டுப் பெயர் அல்ல, பள்ளிக்கூடப் பெயர், நிஜப் பெயர்.

"இது நான் குடுத்த பேரு இல்லடி" என்றாள் பேரக்கா. குரல் அவளுக்கே திருட்டுத்தனமாகக் கேட்டது.

"யாரு குடுத்தா என்ன? பத்து நாளா ஓடுது. கிளாஸ்ல யாரோட பேனா காணாம போனாலும் என் பையைத்தான் தடவிப் பாக்கறாங்க. விளையாட்டுக்காம். இன்னிக்கு கணக்கு டீச்சர் பர்ஸைத் தேடினாங்க. ஒருத்தன் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். டீச்சரும் சிரிச்சாங்கம்மா."

"சரி, என்ன பேருதான் வைக்கணுங்கறே?"

மகள் தரையைப் பார்த்துக்கொண்டே ஒரு பெயரைச் சொன்னாள். அது நாடகத்தின் நாயகி பெயர். சங்கிலிக்குச் சொந்தக்காரியின் மகள், வெள்ளைக் காரில் போகிறவள், அழும்போதுகூட அழகாக அழுகிறவள். அந்தப் பெயரைத் தேடிப் பேரக்கா ஒரு வாரம் மாடிப்படியிலேயே கிடந்திருக்கிறாள்.

"அதுவும் நீ வச்ச பேருதானே?" என்றாள் மகள். "அந்த மாடி வீட்டுப் பொண்ணுக்கு எப்படிப் பாத்துப் பாத்து வச்சிருக்கே. எனக்கு ஏம்மா வைக்கலே?"

செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. ஏனென்றால் வைத்திருந்தாள். இந்த வேலைக்கு வருவதற்கு ரொம்ப முன்னால், பிறந்து கண்ணைக்கூடச் சரியாகத் திறக்காத குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, தகரக் கூரைக்குக் கீழே ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுப் பார்த்திருந்தாள். கோபமாக, கொஞ்சலாக. மூன்றாவது வகையை அந்தக் குழந்தைக்கு மட்டும் கூப்பிட்டுப் பார்க்க அவளுக்கு மனசு வரவில்லை. லாரி ஓட்டுகிற புருஷன் வீட்டுக்குள் வந்து, "யாரைக் கூப்பிடறே, இங்க யாரும் இல்லையே" என்று பயந்துபோய்க் கேட்டான். ஆயுசு முழுக்கக் கூப்பிட்டாலும் வாய் வலிக்காத பெயர் என்று தேடி எடுத்த பெயர் அது. இப்போது அது ஊர்க் காதில் எல்லாம் திருடியாகப் போய்க்கொண்டிருக்கிறது.

இதையெல்லாம் மகளிடம் சொன்னாள். மகள் கேட்டுவிட்டு, "அது உனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியாதே" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள்.

மறுநாள் காலையில் பேரக்கா ஆறுதலுக்காகத் தெருமுனைத் தையல்காரியிடம் போனாள். கூட்டாளி, சின்ன வயதிலிருந்து பழக்கம். ஆனால் ஒரு வருஷமாக முன்போல் பேச்சு இல்லை. ஏன் என்று பேரக்கா கேட்டுக்கொள்ளவும் இல்லை. தையல்காரி மிஷினை நிறுத்தாமலே முழுவதையும் கேட்டாள். கேட்டு முடித்த பிறகுதான் பெடலிலிருந்து காலை எடுத்தாள்.

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்னு சும்மாவா சொன்னாங்க. போன வருஷம் ஒரு நாடகத்துல குடிகாரன் ஒருத்தன் வந்தானே, பொண்டாட்டியை அடிச்சே கொன்னவன், ஞாபகம் இருக்கா? என் வீட்டுக்காரர் பேரு. ஒரு சொட்டு தொட்டதில்ல அந்த மனுஷன். டீக்கடையில உக்காந்தா 'என்ன அண்ணே, இன்னிக்கு எத்தனை பாட்டில்'னு கேக்கறாங்க. இப்ப டீயே வீட்டுலதான் குடிக்கிறார்."

"ஏன்டி அப்பவே என்கிட்ட சொல்லலே?"

"வேலியே பயிரை மேயுது. வேலிகிட்டயே போய் புகார் சொல்லுவாங்களா?"

பேரக்காவுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. முதலில் தன் மேல். அது நடந்து ரயில் பாதையைத் தாண்டுவதற்குள் சூடேறி, கம்பெனி வாசலில் நிற்கும்போது எல்லோருக்கும் பங்கு போடும் அளவுக்குப் பெருகியிருந்தது.

வசனம் தொந்தியைத் தடவிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தான். நேராகப் போய்க் கேட்டாள். அவன் முகம் மலர்ந்துபோயிற்று. "ஆமாக்கா, நான்தான் வச்சேன்! நீங்க குடுத்த மூணும் ஏனோ ஒட்டலை. அன்னிக்கு உங்களைக் கூட்டிட்டுப் போக உங்க பொண்ணு வந்துச்சே, வாசல்ல பேரைச் சொல்லிச்சு. சட்டுனு பிடிச்சுக்கிட்டேன். நம்ம அக்கா பொண்ணு பேரு நாடகத்துல வந்தா அக்கா சந்தோஷப்படுவாங்கன்னு நினைச்சேன்."

"திருடிக்கா?"

"அதுக்கில்லக்கா... வேலைக்காரிக்கு எவ்வளவு பொருத்தமா இருக்கு பாருங்க. பச்சக்குனு ஒட்டுது!"

அவன் கெட்டவன் இல்லை. அதுதான் கொடுமை. கெட்டவனாக இருந்திருந்தால் டீயை எடுத்து அவன் தலையில் ஊற்றிவிட்டு நிம்மதியாகப் போயிருப்பாள்.

மேடம் அறையில் குளிர்சாதனம் உறுமிக்கொண்டிருந்தது. அவர் பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, "உங்களுக்குத் தெரியாததா? மைக்ல விழுந்த பேரை மாத்தற வழக்கம் இல்ல. அதுவும் அந்தத் திருடி இப்ப நல்லா ஓடறா. நாளைக்குக் கோர்ட் சீன் வேற" என்றார்.

"என் பொண்ணு பேரு மேடம்."

"பேருன்னா பேருதானே. உலகத்துல யாரோ ஒருத்தருக்கு அந்தப் பேரு இருக்கத்தான் செய்யும். அதையெல்லாம் பாத்தா நாடகம் போட முடியுமா?"

"அப்ப அடுத்த திருடிக்கு உங்க பொண்ணு பேரை வைக்கலாமா மேடம்?"

மேடத்தின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "அந்தப் பேரு திருடிக்குப் பொருந்தாது" என்றார். அவரும் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நம்பினார். பேரக்கா தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தாள். அடங்கிவிட்டாள் என்று மேடம் நினைத்துக்கொண்டார்.

மறுநாள் கோர்ட் காட்சி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடிக்கிறவர்கள், இந்தப் பக்கம் ஒலிக்காரர், கதை, வசனம், மேடம். காட்சிக்கு மட்டும் வந்து போகிற சின்ன ஆட்களுக்குப் பேரக்கா கடைசி நிமிஷத்தில்தான் பெயர் கொடுப்பாள். காகிதத்தில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். அவள் இந்தப் பக்கத்திலிருந்து சின்ன மைக்கில் சொல்வாள், அவர்கள் அதைப் போட்டுப் பேசிவிடுவார்கள். வருஷக்கணக்காக அப்படித்தான்.

கோர்ட் சேவகனாக நடிக்கிறவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அக்கா, ஜட்ஜம்மா பேரு?"

பேரக்கா குனிந்து மகளின் பெயரைச் சொன்னாள். கோபமாக அல்ல, கொஞ்சலாகவும் அல்ல. நாலாவதாக ஒரு விதம் இருந்தது, அது அன்றைக்குத்தான் அவளுக்கே தெரிந்தது.

சேவகன் பழைய ஆள். கொடுத்ததைப் பேசுவதுதான் அவர் தொழில். "எல்லாரும் எழுந்து நில்லுங்கள்! மாண்புமிகு நீதிபதி..." என்று ஆரம்பித்து அந்தப் பெயரை அறை அதிர முழங்கிவிட்டார். முழங்கிய பிறகுதான் அவருக்கே எங்கேயோ இடித்தது.

"நிறுத்து, நிறுத்து!" என்றார் கதை.

"அக்கா, அது திருடி பேரு" என்றான் வசனம், ஏதோ அவள் மறந்துவிட்ட மாதிரி. "ரெண்டு பேருக்கும் ஒரே பேரு வச்சா கேக்கறவங்க குழம்பிடுவாங்க."

"குழம்பட்டும். என் தெருவுல அந்தப் பேருல நாலு பேர் இருக்காங்க. ஒருத்தி துணி தேய்க்கிறா, ஒருத்தி நர்ஸ், ஒருத்திக்கு வாயே சரியில்ல, ஒருத்தி என் பொண்ணு. யாரும் குழம்பலை. கோழி களவு போனா நாலு பேரையும் சேத்துப் பிடிச்சுக் கட்டறதில்ல."

"வேற பேரைச் சொல்லு" என்றார் மேடம். 'சொல்லுங்க' காணாமல் போயிருந்தது.

"மைக்ல விழுந்தாச்சு மேடம்."

"அழிச்சிட்டு மறுபடி எடுக்கச் சொல்றேன்."

"எடுங்க. ஆனா பேரு நான் தரமாட்டேன். வேணும்னா உங்க வீட்டுலேர்ந்து எடுத்துக்குங்க."

 அதற்குள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நீதிபதியாக நடிக்க வந்த பெரிய நடிகை, இதெல்லாம் சரியாகக் காதில் விழாமலோ விழுந்துமோ, காட்சியைத் தொடர்ந்துவிட்டாள். குற்றவாளிக் கூண்டில் நிற்கிறவளிடம் பெயரைக் கேட்டாள். திருடியாக நடிக்கிற பெண் தயங்கி, முணுமுணுத்தாள்.

"உரக்கச் சொல்" என்றாள் நீதிபதி. அவள் சொன்னாள். நீதிபதி கையிலிருந்த காகிதத்தைக் கீழே வைத்தாள். அப்புறம் காகிதத்தில் இல்லாத ஒரு வரியைப் பேசினாள். "எனக்கும் அதே பெயர்தான். சொல்ல வெட்கப்படாதே. இப்போது சொல், சங்கிலியை நீ எடுத்தாயா?"

"இல்லம்மா. நான் எடுக்கலை" என்றாள் திருடி. அதுவும் காகிதத்தில் இல்லை. காகிதத்தில் அவள் காலில் விழுந்து ஒப்புக்கொள்ள வேண்டும்.

கதை தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு அந்தக் கையைக் கீழே இறக்கி, "மேடம்... நல்லாத்தான் இருக்கு" என்றார். மேடம் வியாபாரி. நல்லாயிருப்பதைக் குப்பையில் போட அவருக்கு மனசு வராது. "இது ஓடட்டும்" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "ஆனா இவ இனிமே இந்தக் கட்டடத்துக்குள்ள கால் வைக்கக் கூடாது."

"வைக்கல மேடம்" என்றாள் பேரக்கா. "நீங்களும் பேரு பொறுக்க ரயில் பாதையைத் தாண்டி வராதீங்க." கைப்பையை எடுத்துக்கொண்டு, யாரும் கதவைத் திறந்துவிடக் காத்திராமல் போனாள். வேலை போன துக்கம் படியிறங்கும்போது வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை, அதற்குப் பதிலாகச் சிரிப்புதான் வந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் அந்தக் காட்சி ஓடியது. தையல்காரி கடையில் போனைப் பெரிய சத்தத்தில் வைத்துத் தெருவே கேட்டது. நீதிபதியின் பெயரைக் கேட்டதும் துணி தேய்க்கிறவள் விசில் அடித்தாள். தையல்காரி கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, ஒரு வருஷத்துக்குப் பிறகு பேரக்காவின் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். "என் வீட்டுக்காரருக்கும் ஒரு ஜட்ஜ் போட்டிருக்கலாம்ல?" என்றாள். அந்த அடி பேரக்காவுக்கு இனித்தது.

வாலு மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், "அப்ப நான் ஜட்ஜ் ஆனாத்தான் என் பேரு நல்ல பேரா?" என்றாள். "அது வரைக்கும் திருடி பேருதானா?"

 நேற்றிலிருந்து பேரக்காவுக்கு இருந்த பெருமை எல்லாம் சோடாவில் கேஸ் போன மாதிரி போயிற்று. பழைய விதியைத்தான் திருப்பிப் போட்டிருக்கிறாள். மேலே இருப்பவளுக்கு வைத்தால் பெயர் மேலே போய்விடும் என்று நினைத்திருக்கிறாள். மகள் சொல்வது சரி.

"எனக்கு வேலை போயிடுச்சு" என்றாள் கடைசியில். 

"எனக்காகவா?"

"உனக்காகவும்தான். குழாயடியில நிக்கிறவங்களுக்காகவும். பாதி வெறும் கோபத்துக்காக." பாயை உதறிப் போட்டாள். "நாளைக்கு ஸ்கூலுக்கு வர்றேன். நீ எந்தப் பேரைச் சொன்னாலும் ஆமான்னு சொல்றேன். அந்தக் கார்க்காரி பேரா இருந்தாலும் சரி. இனிமே நான் யாருக்கும் பேரு வைக்கறதா இல்ல."

பள்ளிக்கூட அலுவலகத்தில் பிள்ளைகளும் பெற்றோர்களும் வரிசையாக நின்றார்கள். ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எழுத்தரின் ஒரு காதில் இயர்போன் தொங்கியது.  பேரக்கா ஆமாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறாள், சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த நாயகியின் பெயரை மனசுக்குள் மகளைப் பார்த்துக் கூப்பிட்டுப் பார்த்தாள். கோபத்தில் வந்தது. கொஞ்சலில் வந்தது. ஆனால் திரும்பிப் பார்த்த பெண் வேறு யாரோ.

"பேரு மாத்தறதா இருந்தா இப்பவே சொல்லணும்மா" என்றார் எழுத்தர், பேனாவைத் திறந்துகொண்டு. "பேரு?"

வாலு அம்மாவைப் பார்க்கவில்லை. பின்னால் நின்ற தன் வகுப்புப் பையன்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நிமிர்ந்து, தன் சொந்தப் பெயரைச் சொன்னாள்.

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எழுத்தரும் தலையைத் தூக்கினார். "அட, நாடகத்துல வர்ற அந்தத் திரு..." என்று ஆரம்பித்தவர், பேரக்காவின் முகத்தைப் பார்த்துச் சட்டென்று பிடியை மாற்றிக்கொண்டார். "அந்த ஜட்ஜம்மா பேருல்ல?"

"இல்ல சார்" என்றாள் வாலு. "அவங்க ரெண்டு பேரும்தான் என் பேரை வச்சிருக்காங்க. நான் யாரு பேரையும் வச்சுக்கல. எழுதுங்க."

எழுத்தர் எழுதினார். அவள் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து எட்டிப் பார்த்தாள்.

"கொஞ்சம் பெருசா எழுதுங்க சார்" என்றாள்.